வெள்ளத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டியவை: பேரிடர் கால மருத்துவ ஆய்வுக் கூட்டணிகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றிப் பெய்த மழை, சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைச்சரிவுகளில் கட்டிய வீடுகள் மண்ணோடு இறங்கின, பாலங்கள் அடித்துக்கொண்டு போயின, கழிவுநீர் நிலையங்கள் உடைந்தன. கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து தமிழர்கள் வாழ்ந்துவரும், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமானது. அந்த ஊர்க் குழாய்களில் ஒழுங்காகத் தண்ணீர் வர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை லாரித் தண்ணீரும் ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டு வாசலுக்கு மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். முதலில், சோறும் போர்வையும் கொண்டு வருபவர்கள்: கோயில், பள்ளிவாசல், தேவாலயக் குழுக்கள், கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் போன்ற நிவாரண அமைப்புகள். அடுத்து, சேதத்தைக் கணக்கெடுக்கும் மாநகராட்சி ஆட்கள். அப்புறம், கையில் ஒரு படிவத்தையோ டேப்லெட்டையோ வைத்துக்கொண்டு, “நேற்று எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்? வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா?” என்று கேட்பவர்கள்.

மூன்றாவது ஆளைப் பார்த்தால் எரிச்சல் வருவது இயல்பு. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவிக்கும்போது கேள்வியா என்று தோன்றும். ஆனால் அந்தக் கேள்விகள் சரியானவையாக, சரியான ஆட்களால், சரியான நேரத்தில் கேட்கப்பட்டால் உயிர்களைக் காப்பாற்றும். தவறாகக் கேட்கப்பட்டால் காயப்பட்ட மக்களுக்கு இன்னொரு சுமை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மழை பெய்வதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. பல்கலைக்கழகம், சுகாதாரத் துறை, மாநகராட்சி, நிவாரண அமைப்பு, அந்தப் பகுதி மக்கள் என இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆபத்து வரும் முன்னரே செய்துகொள்ளும் ஏற்பாட்டைத்தான் இங்கே ஆய்வுக் கூட்டணி என்கிறேன்.

ஆபத்து நேரத்தில் ஆய்வு எதற்கு?

வெள்ளம் வடிந்து பத்து நாள் ஆன பிறகு டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒருவர் காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு வலி, கெண்டைக்காலில் கடுமையான வலி, கண் சிவப்பு. மருத்துவர் ஃப்ளூ என்று நினைக்கலாம். அதே வாரத்தில் பக்கத்து ஊர்க் கிளினிக்குகளிலும் இதே மாதிரி சிலர் வந்திருக்கலாம், ஆனால் ஒரு கிளினிக்குக்கு இன்னொன்றில் நடப்பது தெரியாது. இது எலிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்புண்டு. எலியின் சிறுநீர் கலந்த வெள்ள நீரில் நடந்தவர்களுக்குத் தோலில் உள்ள சிறு கீறல் வழியாக இந்தக் கிருமி நுழைகிறது. அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற பழைய, மலிவான மருந்துகளே போதும், ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் நல்ல பலன். தாமதமானால் சிறுநீரகம், கல்லீரல் வரை போகும்.

ஒவ்வொரு கிளினிக்கிலும் தனித்தனியாகத் தெரிவதை ஓர் இடத்தில் கூட்டிப் பார்க்க யாராவது இருந்தால், பன்னிரண்டாவது நாளே எல்லா மருத்துவர்களுக்கும் ஒரு செய்தி போகும்: காய்ச்சலோடு வருபவர்களிடம், வெள்ள நீரில் இறங்கினீர்களா என்று கேளுங்கள். அவ்வளவுதான். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. யார் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால் போதும்.

தொற்று நோய் இதில் ஒரு பகுதிதான். டர்பனில் வாழும் நம் இந்திய வம்சாவளி ஆட்களிடம் சர்க்கரை வியாதி எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் தெரியும். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் நின்றுவிடும், வெப்பத்தில் நாள்கணக்கில் இருந்தால் இன்சுலின் கெட்டுப்போகலாம். குவாசுலு-நட்டாலில் எச்ஐவிக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வீட்டோடு மாத்திரை டப்பாவும் போனால், சாலை உடைந்து கிளினிக்குக்கும் போக முடியாவிட்டால், சிகிச்சை அறுந்துவிடும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இரண்டு மூன்று நாள் தாமதம்கூட ஆபத்து. இவர்களில் யாராவது இறந்தால், வெள்ளத்தில் இறந்தவர் என்று எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு போர்ட்டோ ரிக்கோ தீவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அங்கே அடித்தது. அரசு சொன்ன சாவு எண்ணிக்கை பல மாதங்களாக 64லேயே நின்றது. பிறகு அரசே கேட்டுக்கொண்டு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறப்புப் பதிவேடுகளை எடுத்து, சூறாவளி வராமலிருந்தால் அந்த மாதங்களில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். 2018 ஆகஸ்டில் வந்த விடை 2,975. அந்த எண்ணை அரசு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 64க்கும் 2,975க்கும் நடுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் காற்றிலோ நீரிலோ சாகவில்லை. அதன் பின்னால் வந்த நீண்ட மின்வெட்டிலும் மருத்துவம் கிடைக்காமையிலும் மெதுவாகச் செத்தவர்கள். வயதானவர்களும் ஏழைகளும் அதிகம். எண்ணாமல் விட்டிருந்தால், அடுத்த சூறாவளிக்கும் அதே ஏற்பாடுதான் செய்திருப்பார்கள்.

எண்ணுவது ஆறுதல் தரும் வேலை இல்லை. ஆனால் யாரை முதலில் தேடிப் போக வேண்டும் என்று சொல்வது அந்த எண்ணிக்கைதான். (இறந்த உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற பயம் ஒவ்வொரு பேரிடரிலும் கிளம்புகிறது. வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ இறந்தவர்களின் உடல் பொதுவாக நோய் பரப்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அந்தப் பயத்தில் அடையாளம் காணாமல் அவசரமாகப் புதைத்துவிட்டால், குடும்பங்களுக்குத் துக்கம்தான் இரட்டிப்பாகும்.)

கையெழுத்து எப்போது போட வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த மருத்துவ ஆய்வுக்கும், அங்கீகாரம் பெற்ற ஓர் அறநெறிக் குழு முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. அதற்கு மேல், தனிமனிதத் தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் இருக்கிறது. கிளினிக்கில் உள்ள விவரத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால், எதைக் கொடுக்கலாம், பெயரை நீக்க வேண்டுமா, எங்கே சேமிப்பது என்று எழுதி ஒப்பந்தம் போட வேண்டும். இவையெல்லாம் நியாயமான பாதுகாப்புகள். நிறவெறிக் காலத்தில் இந்த நாட்டு மக்கள் மீது என்னென்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் யாரும் இவற்றைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வெள்ளம் வந்த பிறகு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தால், அனுமதி கையில் கிடைக்கும்போது தண்ணீர் வடிந்து, நோயும் வந்து போயிருக்கும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது அமெரிக்காவில் இப்படித்தான் ஆனது. துப்புரவு வேலை செய்தவர்களின் உடல்நலத்தைப் பின்தொடரும் கல்ஃப் ஆய்வு 2011இல்தான் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியது. சுமார் 33,000 பேர் சேர்ந்தார்கள். மிகப் பெரிய ஆய்வுதான். ஆனால் எண்ணெய் ஆவியில் உள்ள பல ரசாயனங்கள் ரத்தத்தில் ஓரிரு நாள்தான் தங்கும். அதற்குள் யாரும் ரத்தம் எடுக்கவில்லை. வேலைக்கு முன் இவர்களுடைய நுரையீரல் எப்படி இருந்தது என்ற பதிவும் இல்லை. இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகு அமெரிக்கச் சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வு நிறுவனம், அடுத்த பேரிடரில் உடனே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கேள்வித்தாள்களையும் ஆய்வுத் திட்டங்களையும் ஒரு நூலகமாகச் சேர்த்துவைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டியே எழுதி, அனுமதியும் வாங்கி, அலமாரியில் தயாராக வைத்திருக்கும் இப்படிப்பட்ட திட்டத்தை உறங்கும் திட்டம் என்பார்கள். ஏற்பாடுகள் முன்பே தயாராக இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. பிரிட்டனில் ரெகவரி என்ற மருந்துச் சோதனை 2020 மார்ச்சில், சில நாட்களிலேயே திட்டமிட்டுத் தொடங்கப்பட்டது. ஆஸ்பத்திரிகள், ஆய்வுச் செவிலியர்கள், அனுமதி தரும் அலுவலகங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரே வலையில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஜூன் 16இல் விடை கிடைத்துவிட்டது: டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலும் கிடைக்கிற மருந்து அது. அதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது, இதே மாதிரி சோதனைகள் தொடங்குவதற்குள் நோய் இறங்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கொள்ளைநோயில் 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கினியில் 2015இல் தடுப்பூசிச் சோதனை வெற்றி பெற்றது பெரிய சாதனைதான். ஆனாலும் அது ஓர் ஆண்டு முன்னால் நடந்திருக்கலாமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பெருமைக்குரிய உதாரணம் உண்டு. 2020இல் பல்கலைக்கழக ஆய்வகங்களும் அரசு ஆய்வகங்களும் சேர்ந்து கொரோனா வைரஸின் மரபணுவைக் கண்காணிக்க ஒரு வலையமைப்பைத் தொடங்கின. டர்பனில் உள்ள ஆய்வாளர்களுக்கு அதில் முக்கியப் பங்கு. 2021 நவம்பரில் கவுட்டெங் மாகாணத்தில் ஒரு தனியார் ஆய்வகம், வழக்கமான பிசிஆர் சோதனையில் ஒரு பகுதி மட்டும் தொடர்ந்து தவறுவதைக் கவனித்தது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாதிரிகள் போயின, மரபணு வாசிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று இது புதிய வகை வைரஸ் என்று நாடே உலகத்துக்கு அறிவித்தது, மறுநாள் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தது. நேர்மையாகச் சொன்னதற்குக் கிடைத்த பதில் என்ன? ஒரு வாரத்துக்குள் நாடு நாடாக விமானத் தடை. அது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தகவலைப் பகிர்ந்தவரைத் தண்டித்தால், அடுத்த முறை யார் பகிர்வார்? கூட்டணி என்றால் கொடுப்பவருக்கும் ஏதாவது திரும்ப வர வேண்டும். தடுப்பூசியில், மருந்தில், பணத்தில், ஆய்வுக் கட்டுரையில் பெயரில். இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மெரிபேங்க் பள்ளிக்கூடம்

ஆபத்துக்குப் பிறகு எடுக்கும் எந்த அளவும், அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் பாதி பயன்தான். டர்பன் வழியாக ஓடும் உம்கேனி ஆற்றில் வெள்ளத்துக்குப் பின் கழிவுக் கிருமிகள் அதிகம் இருந்தால், அது வெள்ளத்தால் வந்ததா, முன்பே இருந்ததா? குழந்தைகள் இருமுகிறார்கள் என்றால், போன வருஷமும் இருமினார்களா? இந்த முன்நிலைக் கணக்கை டர்பனில் முதலில் அழுத்தமாகக் கேட்டவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. தெற்கு டர்பனின் தாய்தகப்பன்மார்தான்.

மெரிபேங்க் என்பது இந்திய வம்சாவளியினர் செறிந்து வாழும் பகுதி, பக்கத்திலேயே வென்ட்வொர்த். வீடுகளுக்கு நடுவே அப்போது இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், ஒரு காகித ஆலை, இன்னும் பல தொழிற்சாலைகள் இயங்கின. நிறவெறி அரசு எந்த மக்களை எந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியேற்றியது என்பதைப் புரிந்துகொள்ள வரைபடம் ஒன்றே போதும். பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு என்று அம்மாமார் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது உங்கள் வீட்டுத் தூசியாக இருக்கும், பரம்பரையாக இருக்கும் என்ற பதில்களே வந்தன.

தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு தொடர்ந்து போராடியது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அரசும் மாநகராட்சியும் அந்தப் பகுதிக்கென ஒரு திட்டம் வகுத்தன. அதன் காலத்தில்தான் நட்டால் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் மெரிபேங்கில் உள்ள செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆய்வு செய்தன. பேராசிரியர் ராஜன் நாயுடு போன்ற உள்ளூர் ஆய்வாளர்கள் அதில் முன்னணியில் இருந்தார்கள். ஒரு பக்கம் பள்ளியில் காற்றை அளந்தார்கள். இன்னொரு பக்கம் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பல தடவை ஒரு சிறு கருவியில் ஊதி, நுரையீரலின் வலுவைப் பதிவு செய்தார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்தபோது, காற்று கெட்ட நாட்களுக்குப் பிறகு மூச்சு வலு குறைவது தெரிந்தது. பிள்ளைகளில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா இருந்தது. அடுத்து வந்த பெரிய ஆய்வு, தெற்கு டர்பன் பள்ளிகளை வடக்கு டர்பன் பள்ளிகளோடு ஒப்பிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, கேள்வி எங்கிருந்து வந்தது என்பது. அது மக்களிடமிருந்து வந்தது. பல்கலைக்கழகம் கருவியையும் கணக்கையும் கொண்டுவந்தது. மாநகராட்சி காற்றுக் கண்காணிப்பு நிலையங்களை அமைத்தது. முடிவு வந்த பிறகு அதை அலமாரியில் பூட்டிவைக்க யாராலும் முடியவில்லை, ஏனென்றால் கேட்டவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் கந்தக டை ஆக்சைடின் அளவு பின்னர் வெகுவாகக் குறைந்தது.

இந்த முன்நிலைக் கணக்கு பேரிடருக்கு எப்படி உதவும்? 2020 டிசம்பர் 4 அன்று தெற்கு டர்பனில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு ஏற்பட்டது. அங்கே காற்றையும் பிள்ளைகளின் மூச்சையும் பற்றி ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் பதிவுகள் உண்டு. 2021 ஜூலைக் கலவரத்தில் வடக்கே கார்னூபியாவில் ஒரு வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்தபோது நிலைமை வேறு. பூச்சிமருந்துப் புகை நாள்கணக்கில் சுற்றுவட்டாரத்தில் பரவியது, ரசாயனம் ஓலாங்கா ஆற்றில் கலந்து மீன்கள் செத்து மிதந்தன, கடற்கரைகளை மூடினார்கள். கிடங்கில் என்னென்ன இருந்தது என்ற பட்டியலே உடனே வெளிவரவில்லை. என்ன சுவாசித்தோம் என்று தெரியாமல் மருத்துவரிடம் போனால் அவர் எதைச் சோதிப்பார்? இந்தப் பட்டியலை முன்கூட்டியே சுகாதாரத் துறையிடமும் தீயணைப்புத் துறையிடமும் கொடுத்துவைப்பதும் ஆய்வுக் கூட்டணியின் வேலைதான் என்பேன்.

குவாரி ரோட்டில் ஒரு வாட்ஸ்அப் செய்தி

பால்மியட் என்பது உம்கேனியில் போய்ச் சேரும் ஒரு சிற்றாறு. அதன் கரையோரம் குவாரி ரோடு வெஸ்ட் என்ற குடிசைப் பகுதி. தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகள், பல வீடுகள் வெள்ளம் பாயும் தாழ்வான நிலத்திலேயே. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சியும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அங்கே வேலை செய்துவந்தார்கள். ஆறு எங்கே உடைக்கும், எந்த வீடுகள் முதலில் மூழ்கும், எந்தப் பாதையில் ஏறலாம் என்று மக்களோடு உட்கார்ந்து வரைந்தார்கள். அந்தப் பகுதி இளைஞர்களே ஆய்வுக் குழுவில் இருந்தார்கள்.

இதிலிருந்து பிறந்ததுதான் அவர்களுடைய வெள்ள எச்சரிக்கை முறை. மாநகராட்சியின் கணினி மழை முன்னறிவிப்பை வைத்து ஆற்று நீர்மட்டத்தைக் கணிக்கும். ஆபத்து என்று தெரிந்தால், அங்கே இருக்கும் பொறியாளர் குடிசைப் பகுதியின் பொறுப்பாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி அனுப்புவார். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். கீழே இருப்பவர்கள் ஆற்றின் நிலையைப் படம் எடுத்து மேலே அனுப்புவார்கள், கணினியின் கணிப்பு சரிதானா என்று பார்க்க அது உதவும். 2019 ஏப்ரல் வெள்ளத்திலும் 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் இந்த முறையால் ஏராளமானோர் நேரத்தோடு மேட்டுக்குப் போனார்கள். வீடுகள் போயின, மனிதர்கள் பிழைத்தார்கள்.

இரவு நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு செய்தியை நம்பி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் வெளியே இறங்குவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! அனுப்பியவரை முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் போன தடவையும் வந்தவர், நம் பேச்சைக் கேட்டவர் என்ற ஞாபகம் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை எந்த நிதியுதவியாலும் ஒரே வாரத்தில் வாங்க முடியாது.

உம்கேனி வெள்ளம் நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. 1917 அக்டோபரில் அந்த ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனபோது, படவட்டான் அறுவர் என்று இன்றும் நினைக்கப்படும் ஆறு தமிழ் மீனவர்கள் படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரை மீட்டார்கள். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் என்ற தகரக் குடியிருப்பு 1976 வெள்ளத்தில் போனது, அங்கிருந்தவர்களை ஃபீனிக்ஸுக்கு மாற்றினார்கள். 1987இல் மாகாணம் முழுவதும் மீண்டும் பெருவெள்ளம். தண்ணீர் எந்த வீட்டின் எந்தப் படி வரை வந்தது என்பது இன்னும் தாத்தா பாட்டிகளின் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த ஞாபகமும் ஒரு தரவுதான். அதைக் கேட்டுப் பதிவு செய்யாமல் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்ப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. 2022 மழையைப் போன்றது முன்பு 40 ஆண்டுக்கு ஒரு முறை எதிர்பார்க்கக்கூடியது, பருவநிலை மாற்றத்தால் இப்போது 20 ஆண்டுக்கு ஒரு முறை என்று உலக வானிலைக் காரணிகள் ஆய்வுக் குழு கணக்கிட்டது. அப்படியென்றால் பழைய ஞாபகமும் புதிய கணிப்பும் இரண்டுமே வேண்டும்.

வாசலில் நிற்கும் படிவம்

ஒரு கற்பனைக் காட்சி. டோங்காட்டில் கோயில் மண்டபத்தில் தங்கியிருக்கும் ஒரு பெண்மணியிடம் ஓர் ஆய்வுப் பணியாளர் வருகிறார்.

“ஆன்ட்டி, பத்து நிமிஷம் பேசலாமா? தண்ணீரைப் பற்றி ஓர் ஆய்வு.”

“சொன்னால்தான் அரிசிப் பை தருவீர்களா?”

“இல்லை ஆன்ட்டி. அரிசி எல்லோருக்கும் உண்டு. நீங்கள் பேசாவிட்டாலும் உண்டு.”

இந்த மூன்று வரியில்தான் ஆய்வு அறத்தின் பெரும்பகுதி இருக்கிறது. எல்லாம் இழந்து நிற்பவர், உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் எதற்கும் தலையாட்டுவார். அது சம்மதம் ஆகாது. அதனால்தான் சோறு கொடுப்பவரும் கேள்வி கேட்பவரும் ஒரே ஆளாக, ஒரே சட்டையில், ஒரே வரிசையில் இருக்கக் கூடாது என்பார்கள். மொழியும் முக்கியம். டர்பன் தமிழர் வீடுகளில் இன்று புழங்குவது பெரும்பாலும் ஆங்கிலம், பக்கத்துக் குடிசைப் பகுதியில் ஜூலு. படிவம் அவரவர் மொழியில் வாசித்துச் சொல்லப்பட வேண்டும். கையெழுத்துப் போட்டால் போதும் என்று நீட்டுவது சரியில்லை.

இன்னொரு தொல்லை, ஒரே வீட்டுக்கு நான்கு நிறுவனங்கள் நான்கு படிவத்தோடு வருவது. பிள்ளையை இழந்த தாயிடம் நான்கு முறை அதையே கேட்பது கொடுமை. முன்பே கூட்டணி இருந்தால் ஒரே கேள்வித்தாள், ஒரே குழு, தகவலை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். என் கருத்து இதில் கொஞ்சம் கடுமையானது: முதல் சில வாரங்களில், அடுத்த சில வாரங்களின் முடிவுகளுக்கு உதவாத எந்த ஆய்வும் நிவாரண முகாமுக்குள் நுழையக் கூடாது. மற்றவை காத்திருக்கலாம். மனநலத்தைப் போல நீண்ட காலம் பின்தொடர வேண்டியவை, காத்திருந்துதான் செய்ய வேண்டும்.

வெளியிலிருந்து வந்து, ரத்தமும் தகவலும் எடுத்துக்கொண்டு போய், பிறகு முகத்தையே காட்டாத ஆய்வாளர்களால் இந்த நாட்டு மக்கள் நிறையப் பட்டிருக்கிறார்கள். அதற்குத் தெளிவான பதில் சொன்னவர்கள் சான் பழங்குடிகள். 2017இல் அவர்களே ஆய்வாளர்களுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறையான வழி என்ற ஐந்தையும் அதில் கேட்டார்கள். ஆய்வு தொடங்கும் முன் எங்களிடம் வாருங்கள், முடிந்ததும் முடிவைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பது அதன் சாரம். டர்பனில் 2002இல் தொடங்கிய கேப்ரிசா எய்ட்ஸ் ஆய்வு மையமும் சமூக ஆலோசனைக் குழுக்களை வைத்தே வேலை செய்கிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான குவாரைஷா அப்துல் கரீம் டோங்காட்டில் பிறந்தவர் என்பது நம்மூர்க்காரர்களுக்கு இனிப்பான செய்தி. எச்ஐவியில் பழகிய அந்த வழக்கத்தை வெள்ளத்துக்கும் ரசாயனத் தீக்கும் கொண்டுவருவது கடினமான காரியம் இல்லை.

நம் கோயில் மண்டபங்கள், தமிழ்ச் சங்கங்கள், பெண்கள் குழுக்கள் இதில் சேர நிறைய இடம் உண்டு. ஆபத்து நேரத்தில் மண்டபம் முகாமாகும் என்பது எப்படியும் தெரிந்ததுதான். 2024 ஜூன் 3 அன்று டோங்காட்டைச் சூறாவளிச் சுழல் காற்று தாக்கியபோதும் மக்களுக்குத் தேவைப்பட்டது உடனடித் தங்குமிடம். அந்த மண்டபத்தில் யார் இன்சுலின் போடுபவர், யார் டயாலிசிஸ் செய்பவர், அவர்களுக்கான குளிர்பெட்டி எங்கே, பக்கத்துக் கிளினிக்கின் செவிலியர் எண் என்ன என்று அவரவர் சம்மதத்தோடு எழுதிவைத்தால், அதுவே ஒரு சிறு முன்நிலைக் கணக்கு. பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, வருஷத்துக்கு ஒரு முறை வந்து பேசச் சொல்லலாம். வருபவர்களும் முகம் தெரிந்தவர்களாக ஆவார்கள்.

படிவத்தோடு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், கோபப்பட்டு அனுப்பாமல் திருப்பிக் கேள்வி கேளுங்கள். இது எந்த நிறுவனம்? என் பெயர் எங்கே போகும்? ரத்தமோ எச்சிலோ எடுத்தால் எங்கே வைப்பீர்கள், எவ்வளவு காலம்? முடிவை எப்போது, எப்படி எங்களுக்குச் சொல்வீர்கள்? நான் பாதியில் விலகலாமா? சட்டப்படி விலகலாம், காரணம் சொல்லவும் தேவையில்லை. உங்கள் கையில் ஒரு பிரதி தர வேண்டும். அதில் ஆய்வாளரின் எண்ணோடு, அனுமதி கொடுத்த அறநெறிக் குழுவின் பெயரும் தொடர்பு எண்ணும் அச்சிட்டிருக்கும். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் ஆய்வாளரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே அந்தக் குழுவைக் கூப்பிட்டுச் சொல்லலாம். அந்த எண்ணே இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.